பொம்மையின் மேல் போட்ட வீண்பழி

ஃபேஷனைப் பற்றி நம்மிடையே எழுதுகிறவர்கள் பலரிடம் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது: ‘பெண்ணைப் பொம்மையாக்கிவிட்டார்கள்.’ 2024 ஜனவரியில் பாரிஸின் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தடியில் மார்ஜியேலா நிறுவனத்துக்காக ஜான் கல்லியானோ நடத்திய காட்சியில், மாடல்கள் பளபளக்கும் பீங்கான் முகத்தோடு நடந்து வந்தார்கள். அதற்கும் இந்தத் தீர்ப்புதான். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் டம்மிக்கும் இதே தீர்ப்புதான். பொம்மை என்பது ஆண் காணும் கனவாம். அது பேசாது, எதிர்க்காது, வயதாகாது, உடுத்தியதை உடுத்திக்கொண்டு நிற்கும். ஆகவே ஃபேஷன் வரலாற்றில் பொம்மை வருகிற இடமெல்லாம் பெண் இழிவுபடுத்தப்படும் இடம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இதைச் சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பெண்ணின் உடம்பை ஃபேஷன் தொழில் வதைத்திருக்கிறது, இன்றும் வதைக்கிறது என்பதில் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் குற்றவாளி என்று அவர்கள் பிடித்து நிறுத்தியிருப்பது தவறான ஆளை. பொம்மை அந்தத் தொழிலில் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக என்ன வேலை செய்தது என்று பார்க்காமல், அதன் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இது.

அந்த வேலையை முதலில் பார்ப்போம். 1515-இல் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா, இத்தாலியின் மாந்துவா நாட்டுச் சீமாட்டி இசபெல்லா டெஸ்தேயிடம் ஒரு பொம்மை கேட்டார். அவருடைய மகன் ஃபெதெரிகோதான் அம்மாவுக்கு மன்னர் சார்பில் கடிதம் எழுதினார். இசபெல்லா எப்படி உடுத்துகிறாரோ அப்படியே அந்தப் பொம்மைக்கும் உடுத்தி அனுப்ப வேண்டும். உள்ளே போடும் சட்டை, கை, மேலாடை, தலையலங்காரம் என எதுவும் விடுபடக் கூடாது. அதைப் பார்த்துப் பிரான்சின் பெண்களுக்கு உடை தைக்கச் சொல்லலாம் என்பது மன்னரின் எண்ணம். தன் உடையைத் தானே யோசித்து உருவாக்கியவர் இசபெல்லா. அந்த யோசனையை எல்லை தாண்டிக் கொண்டுபோக அன்றைக்குப் பொம்மையைவிட நம்பகமான வழி இல்லை. படத்தில் முன்பக்கம்தான் தெரியும். பொம்மையைத் திருப்பிப் பார்க்கலாம், பாவாடையைத் தூக்கிக் கொசுவம் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், தையலைப் பிரித்து வெட்டின அளவைக்கூட எடுக்கலாம். தையல் தெரிந்தவர் கைக்குப் போய்ச் சேரும் கடிதம் அது.

அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தவர்கள் அரண்மனைக்காரர்கள் மட்டுமல்ல. 1733 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தவர் ஹன்னா டீட்ஸ், பெண்களுக்கான மேலங்கி தைக்கும் தொழில் செய்தவர். லண்டனிலிருந்து கப்பலில் புது மோஸ்தரில் உடுத்திய பொம்மை ஒன்று வந்திருக்கிறது. கடைக்கு வந்து பார்த்தால் 5 ஷில்லிங், பொம்மையை எடுத்துக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் 7 ஷில்லிங் என்பது விளம்பரத்தின் சாரம். காலனி நாட்டில் கடை வைத்து, வெளிநாட்டுச் சரக்கு வரவழைத்து, பார்வைக் கட்டணம் நிர்ணயித்து, பத்திரிகையில் தன் பெயரில் விளம்பரமும் கொடுத்த ஒரு தையற்காரப் பெண்ணின் முதலீடு அந்தப் பொம்மை. அதை ஆணின் கனவு என்று எப்படிச் சொல்வது? அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், எளிய குடும்பத்தில் பிறந்து பாரிஸில் கடை நடத்திய ரோஸ் பெர்த்தான் இதையே பெரிய அளவில் செய்தார். மரி அந்துவானெத் அரசிக்கு உடையலங்காரம் செய்த அவருடைய பொம்மைகள் ஐரோப்பிய அரண்மனைகளுக்கெல்லாம் போய்வந்தன.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கிளாப்பம் பிரபு, கிளாப்பம் சீமாட்டி என்று அழைக்கப்படும் இரண்டு மரப் பொம்மைகள் இருக்கின்றன. 1690-களில் செய்தவை. ஒன்று ஆண் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பொம்மை என்றாலே பெண் என்று பேசுகிறவர்கள் இந்தப் பிரபுவை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. சீமாட்டிக்கு உள்ளாடை, கச்சு, காலுறை, காலணி, அன்றையப் பெண்கள் வெயிலுக்கு அணிந்த முகமூடிவரை தனித்தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் உண்மையில் உடுத்திய துணிகளில் பெரும்பாலானவை கிழிந்தும் மக்கியும் போய்விட்டன. நல்ல துணி என்றால் பிரித்து மாற்றித் தைத்துக்கொண்டார்கள். ஓர் உடைக்கு உள்ளே எத்தனை அடுக்கு, எதற்கு மேல் எது என்பதையெல்லாம் இந்தப் பொம்மைகள்தான் குறையாமல் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நம் வீட்டுக் கொலுவில் மரப்பாச்சிக்குப் பட்டுத் துண்டு சுற்றுகிற கைகளுக்கு இந்த அருமை சொல்லாமலே புரியும்.

அடுத்து, பெண்ணின் உடம்பைக் கட்டிப்போட்ட உடைக்கு எதிராக எழுந்தவர்களில் முதல் வரிசையில் நிற்கும் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே. 1876-இல் பிறந்து, சிறுவயதிலேயே தையல் வேலைக்குப் போனவர். 1907 வாக்கில் தூசே நிறுவனத்தில் வேலை பார்த்தபோதே இறுக்குக் கச்சு இல்லாமல், வெறுங்காலோடு மாடல்களை நடக்கவிட்டவர். 1912-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். துணியை நேர் இழையில் வெட்டாமல், நம் தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்கிற கோணத்தில் வெட்டினால், துணி தானாக நெகிழ்ந்து உடம்பின் அசைவோடு போகும். கழுத்துப்பட்டி, ஓரப்பட்டி போன்ற சின்ன இடங்களில் இருந்த இந்த நுட்பத்தை முழு உடைக்கும் கொண்டுவந்தவர் வியோனே.

அதை அவர் கண்டுபிடித்தது எப்படி? காகிதத்தில் வரைந்தல்ல. மூட்டுகள் அசையும் ஒரு சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைப் போட்டு, ஊசி குத்தி, பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான். அவர் அந்தப் பொம்மையோடு வேலை செய்யும் புகைப்படங்கள் இருக்கின்றன. காகிதத்தில் உடம்புக்கு முன்புறம், பின்புறம் என இரண்டு பக்கம்தான் உண்டு; பொம்மையில் சுற்றளவு உண்டு, எடை தொங்கும் இடம் உண்டு. துணி எங்கே விழ விரும்புகிறது என்று துணியிடமே கேட்க முடிந்தது. பொம்மையில் சரியாக வந்த பிறகுதான் அது முழு அளவுக்குப் போகும். அவருக்காகவே பியாங்கினி ஃபெரியே ஆலை வழக்கத்தைவிட அகலமான க்ரேப் துணி நெய்து கொடுத்தது. ஒரு யோசனையை நூறு முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், அத்தனை நேரமும் உயிருள்ள ஒரு பெண்ணை அசையாமல் நிற்க வைத்து, அவள் மேல் ஊசி குத்த வேண்டும். அந்தச் சிரமத்தை மரம் ஏற்றுக்கொண்டது. இதே வியோனே தன் தையற்கூடத்துப் பெண்களுக்குச் சட்டம் வருவதற்கு முன்பே சம்பளத்தோடு விடுமுறையும், மகப்பேறு விடுப்பும், மருத்துவ வசதியும், சாப்பாட்டுக் கூடமும் கொடுத்தவர். பொம்மையோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவருக்குத்தான் உயிருள்ள உடம்பின் களைப்பும் தெரிந்திருந்தது.

என் வாதத்துக்கு ஒரே ஒரு சாட்சிதான் அனுமதி என்றால் நான் கூப்பிடுவது 1945-ஐ. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலை பெற்றது. ஊர் விடுதலையானதே தவிர, நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, துணி இல்லை, தோல் இல்லை. போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்ட வேண்டும். பாரிஸின் தையல் தொழில் செத்துப்போகவில்லை என்று உலகத்துக்குக் காட்டவும் வேண்டும். முழு அளவில் உடை தைக்கத் துணி ஏது? உடை வடிவமைப்பாளர் நீனா ரிச்சியின் மகன் ரோபேர் ரிச்சியும் தையல் தொழிலமைப்பின் தலைவர் லூசியான் லெலோங்கும் முன்னின்று, சுமார் 70 சென்டிமீட்டர் உயரப் பொம்மைகளுக்கு உடை தைத்துக் கண்காட்சி வைக்க முடிவு செய்தார்கள். ‘தேயாத்ர் த லா மோத்’, அதாவது ஃபேஷன் அரங்கு, என்று அதற்குப் பெயர்.

பொம்மையின் உருவத்தை வரைந்தவர் எலியான் பொனபெல் என்ற இளம் ஓவியர், இருபதுகளின் நடுவில் இருந்த பெண். உடம்பு முழுவதும் வெறும் கம்பி. உள்ளே வெற்றிடம், அந்தப் பக்கம் தெரியும். கம்பிதான் அன்றைக்குக் கிடைத்தது என்பது ஒரு காரணம். தலையை மட்டும் பிளாஸ்டரில் செய்தவர் ஜுவான் ரெபுல், ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாடு விட்டு வந்த கத்தலான் சிற்பி. முகத்துக்கு வண்ணம் பூசக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். உதட்டுச் சாயமும் கண் மையும் வந்தால் விளையாட்டுச் சாமானாகிவிடும் என்று பயந்தார். பொம்மை என்றால் ஆசையைத் தூண்டும் போலிப் பெண் என்கிறார்களே, இந்தப் பொம்மையைப் பாருங்கள். சதை இல்லை, தோல் இல்லை, முகத்தில் நிறமில்லை. இருப்பதெல்லாம் உடை.

அந்த உடையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பட்டன்கள் வெறும் ஒட்டு அல்ல, காஜாவுக்குள் நுழைந்து பூட்டுபவை. கைப்பையைத் திறந்தால் உள்ளே பவுடர் டப்பா. வெளியே யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் உள்ளாடை தைத்திருக்கிறார்கள். காலணிக்காரர்கள் அந்த அளவுக்கென்றே ஜோடு செய்தார்கள், தொப்பிக்காரர்கள் தொப்பி செய்தார்கள், கார்த்தியே போன்ற நகைக்கடைகள் குட்டி நகை செய்தன. பலென்சியாகா, ஸ்கியாபரெல்லி, லான்வான், க்ரே எனப் பெயர்பெற்ற நிறுவனங்களின் தையற்கூடங்களில் குளிரில் விரல் விறைக்க விறைக்க உட்கார்ந்து இதைத் தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முழு அளவுத் தையலைவிடக் குட்டித் தையல் கடினம் என்பதை ஊசி பிடித்த யாரும் சொல்வார்கள். மடிப்பில் ஓர் இழை கூடினாலே தடித்துக் காட்டிவிடும். 1945 மார்ச் இறுதியில், ஐரோப்பாவில் போர் முடியும் முன்பே, லூவ்ர் அரண்மனையின் மார்சான் பகுதியில் கண்காட்சி திறந்தது. கலை இயக்கம் கிறிஸ்தியான் பெராருடையது. ஜான் காக்தோ உள்ளிட்டோர் அரங்கம் அமைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு பொம்மைகள் லண்டன், பார்சலோனா, ஸ்டாக்ஹோம், வியன்னா என்று ஊர் ஊராகப் போய், 1946-இல் நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போயின.

நகைகள் பாரிஸுக்குத் திரும்பிவிட்டன. பொம்மைகள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்பொருள் அங்காடியிலேயே தங்கிப்போய், 1952-இல் வாஷிங்டன் மாநிலத்து மேரிஹில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. பாரிஸில் அவை அழிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 1980-களில் ஓர் அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர் தேடிக் கண்டுபிடித்த பிறகு, பாரிஸுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். 2020-இல் கொரோனாவால் மேடைக் காட்சிகள் நின்றபோது, தியோர் நிறுவனத்தின் மரியா கிராஸியா கியூரி தன் புதிய உடைகளைக் குட்டி அளவில் தைத்துப் பெட்டியில் வைத்து அனுப்பினாரே, அதற்கு முன்மாதிரி இந்தக் கம்பிப் பொம்மைகள்தான். பெண்களின் கைவேலை அழியும் நிலைக்கு வந்த இரண்டு காலத்திலும் அதைத் தாங்கி நின்றது பொம்மை.

இனி, எதிர்த் தரப்பின் வலுவான சான்றுகளுக்கு வருகிறேன். 1938-இல் பாரிஸில் சர்ரியலிஸ்டுக் கலைஞர்கள் நடத்திய கண்காட்சியில் 16 கடைப் பொம்மைகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஆந்த்ரே மாசோன் தன் பொம்மையின் தலையைப் பறவைக்கூண்டுக்குள் வைத்து வாயையும் கட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜெர்மனியில் ஹான்ஸ் பெல்மர் பெண் பொம்மையின் உறுப்புகளைப் பிரித்து, மாற்றிப் பொருத்திப் படமெடுத்தார். இவற்றில் பெண்ணுடல் மீதான வன்மம் இருக்கிறது என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் இதைச் செய்தவர்கள் கலைஞர்கள். பொம்மையை எடுத்துத் தங்கள் மனத்தில் இருந்ததை அதன் மேல் ஏற்றினார்கள். அந்தக் கணக்கைத் தையல் தொழிலின் பெயரில் எழுதுவது நியாயமில்லை.

பெல்மரைப் பின்பற்றி உடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீன் 1997 கோடைத் தொகுப்புக்கு ‘லா பூப்பே’, பொம்மை, என்று பெயர் வைத்தார். அதில் டெப்ரா ஷா என்ற கறுப்பினப் பெண், கையும் காலும் பூட்டிய உலோகச் சட்டத்தோடு நடக்க வைக்கப்பட்டார். அதைப் பார்த்துக் கோபப்பட்டவர்களோடு நான் நிற்கிறேன். ஆனால் அங்கே விலங்கு மாட்டப்பட்டது பொம்மைக்கா? உயிருள்ள பெண்ணுக்கு. கல்லியானோவின் காட்சியிலும் என்னை உறுத்தியது பீங்கான் முகமல்ல. அது கழுவினால் போகும் ஒப்பனை. இடுப்பை நெரித்த கச்சுதான் உறுத்தியது. முகத்தைப் பார்த்துப் பொம்மை, பொம்மை என்று கத்தியதில் கச்சைப் பேசாமல் விட்டுவிட்டோம்.

பார்பி விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். 1965-இல் பார்பியைத் தயாரிக்கும் நிறுவனம் ஒரு பார்பியோடு எடை பார்க்கும் கருவியையும், எடை குறைக்கச் ‘சாப்பிடாதே’ என்று அறிவுரை சொல்லும் குட்டிப் புத்தகத்தையும் சேர்த்து விற்றது. 2006-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, பார்பி படங்களைப் பார்த்த 5 முதல் 8 வயதுச் சிறுமிகளில் இளையவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடியதைக் காட்டியது. குழந்தை கையில் கொடுக்கும் பொம்மைக்கு இந்தக் கேள்விகள் அவசியம். என்றாலும் அதே பார்பி உடையை ஒருவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1994-இல் மார்த்தான் மார்ஜியேலா பொம்மை உடைகளை அப்படியே 5.2 மடங்கு பெரிதாக்கி மனிதர்கள் உடுத்தும் அளவில் தைத்தார். ஜிப்பும் பட்டனும் தையலும் அதே விகிதத்தில் பூதாகரமாக வளர்ந்தன. கழுத்து எங்கோ போனது, தோள் எங்கோ இறங்கியது. பொம்மையின் அளவு மனித உடம்புக்குப் பொருந்தாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. அதைச் சொல்லப் பயன்பட்டதும் பொம்மைதான்.

கடை டம்மிகள் ஒல்லி என்ற குற்றச்சாட்டும் உண்மைதான். 2017-இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இரண்டு பிரிட்டிஷ் நகரங்களில் பார்த்து மதிப்பிட்ட பெண் டம்மிகள் அத்தனையும் எடை குறைந்த உடலமைப்பில் இருந்தன என்றது. ஆனால் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 1992-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஃபின்லாந்தின் இரண்டு ஆய்வாளர்கள் பழைய, புதிய டம்மிகளை அளந்து எழுதினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டம்மிகள் சாதாரணப் பெண்களின் உடம்போடு ஒத்திருந்தன; பிற்காலத்தவைதான் மெலிந்தன. அப்படியானால் மெலிவு பொம்மையின் இயல்பு அல்ல. மனிதர்கள் மெலியச் சொன்னார்கள், அச்சு மெலிந்தது. மாற்றச் சொன்னால் மாறும். லண்டனில் டம்மி தயாரித்த அடெல் ரூட்ஸ்டைன் 1960-களில் மாடல் டோன்யேல் லூனாவை அச்செடுத்துக் கறுப்பினப் பெண்ணின் உருவத்தைக் கடைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தார். 2013 டிசம்பரில் சூரிச் நகரின் பான்ஹோஃப் வீதியில், முதுகெலும்பு வளைந்தவர், கால் இழந்தவர் போன்ற மாற்றுத்திறனாளிகளின் உடலை அளந்து செய்த டம்மிகளைக் கடைகளில் நிறுத்தினார்கள். தங்கள் உருவத்தைத் தொட்டுப் பார்த்து அவர்கள் அடைந்த மகிழ்ச்சி படமாகவும் பதிவாகியிருக்கிறது. இப்படி ஒரு மரியாதை வேண்டும் என்றால், பொம்மை இருந்தாக வேண்டும்.

பொம்மையைக் குற்றவாளியாக்கினால் என்ன நடக்கும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2022 ஜனவரியில் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் கடை டம்மிகளின் தலையை வெட்டச் சொன்னார்கள் தாலிபன்கள். பிறகு காபூல் கடைகளில் பொம்மைத் தலைகளுக்குத் துணியும் பிளாஸ்டிக் பையும் சுற்றினார்கள். பெண் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிகள் மூடிக்கிடந்த அதே மாதங்கள் அவை. 2013-இல் மும்பை மாநகராட்சி, உள்ளாடை உடுத்திய டம்மிகளைக் கடை வாசலிலிருந்து அகற்றத் தீர்மானம் போட்டது. அவை ஆண்களின் மனத்தைக் கெடுத்துப் பெண்களுக்கு எதிரான குற்றத்துக்கு வழி செய்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். குற்றம் செய்பவன் ஆண். பழி பிளாஸ்டிக்கின் மேல். நம் பெண்ணியக் கட்டுரையாளர்களின் நோக்கம் இவர்களுடையது அல்ல, எனக்குத் தெரியும். ஆனால் பொம்மையையே பகைவனாக நிறுத்தும் வாதம் யார் கைக்கும் போகும். போனால் முதலில் வெட்டுப்படுவது பெண்ணின் உடை.

பொம்மை அசையாமல் நிற்பதில் அநியாயம் எதுவும் இல்லை. உயிருள்ளவளை அப்படி நிற்கச் சொல்வதுதான் அநியாயம். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் டம்மிக்குப் பக்கத்தில், காலை கடை திறந்ததிலிருந்து இரவு அடைக்கும்வரை நிற்கும் விற்பனைப் பெண்கள் இருக்கிறார்கள். சுவரில் சாய்ந்தால்கூடத் திட்டு விழும் வேலை அது. கேரளத்தில் அவர்களுடைய போராட்டத்தால் 2018-இல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. ‘பெண்ணைப் பொம்மையாக்காதே’ என்று எழுதுகிறவர்கள் இனி புடவை எடுக்கப் போகும்போது, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்.